ஊசி குத்துகிறவரிடம் என்னென்ன கேட்கலாம்? – வாசகர் கேள்வி, பதில்

உடம்பின் குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசி குத்தும் அக்குபங்சர் சிகிச்சையைப் பற்றி நெல்லைச் சீமையிலிருந்து வாசகர்கள் எழுதிய கடிதங்களில் ஐந்தைத் தேர்ந்தெடுத்து, பாளையங்கோட்டையில் அச்சிகிச்சையை அளித்துவரும் இயற்கை மருத்துவர் ஒருவரிடம் கொடுத்தோம். அவர் எழுதித் தந்த பதில்கள் இவை.

கேள்வி: எங்கள் தெருவில் புதிதாக ஓர் அக்குபங்சர் நிலையம் திறந்திருக்கிறார்கள். அதை நடத்துபவர் மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவர் என்கிறார்கள். இந்தச் சிகிச்சையைச் செய்பவர் உண்மையில் என்ன படித்திருக்க வேண்டும்? நீங்கள் எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்?
– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இத்தனை ஆண்டுகளில் என் நோயாளிகளில் அதைக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வீட்டு வேலைக்குக் கொத்தனார் வைப்பதென்றால் நாலு பேரிடம் விசாரிக்கிற நம் மக்கள், உடம்பில் ஊசி ஏற்றுகிறவரிடம் ‘எங்கே படித்தீர்கள்’ என்று கேட்பதை மட்டும் மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள்.

நான் இயற்கை மருத்துவமும் யோகாவும் சேர்ந்த பட்டப்படிப்பை ஐந்தரை ஆண்டு படித்தேன். உடற்கூறு, உடலியங்கியல், நோய்க்குறியியல் ஆகியவற்றோடு அக்குபங்சரும் அதில் ஒரு பாடம். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் புள்ளிகளின் பெயரை ஒப்பித்திருப்பேன். ஆனால், பட்டம் வாங்கிய சூட்டோடு, உறவினர் ஒருவர் வீங்கிய முழங்காலை என் முன்னே நீட்டியபோது எனக்குக் கை ஓடவில்லை. அதன் பிறகுதான் மூத்த மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்து இரண்டு ஆண்டு இருந்தேன். முதல் நான்கு மாதம் நோயாளி மீது ஊசி வைக்க அவர் என்னை விடவே இல்லை. வருகிறவர்களின் கதையைக் கேட்டு எழுதுவது, ரத்த அழுத்தம் பார்ப்பது, அவர் ஊசி வைத்த இடத்தை விரலால் தடவித் தசையையும் எலும்பையும் அடையாளம் காண்பது ஆகியவையே என் வேலை. ஊசிப் பழக்கம் முதலில் பஞ்சு உருண்டையிலும் சோப்புக் கட்டியிலும் நடந்தது. அடுத்து என் சொந்தக் காலில் நடந்தது. முழங்கால் சில்லுக்குக் கீழே நான்கு விரற்கடை இறங்கி, முன்னெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே தள்ளி இருக்கும் ‘சூசான்லி’ என்ற புள்ளியில் எத்தனை முறை குத்திக்கொண்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அந்த விரற்கடை என் விரலின் அளவன்று, நோயாளியின் விரலின் அளவு என்பதும், ஆறடி ஆளுக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் அவரவர் கையே அளவுகோல் என்பதும் அந்த நாட்களில்தான் எனக்கு உறைத்தது.

இனி முதல் கேள்வி. உலக சுகாதார நிறுவனம் 1999-ல் வெளியிட்ட பயிற்சி, பாதுகாப்பு வழிகாட்டி, மருத்துவப் பின்னணி இல்லாத ஒருவர் முழுமையான அக்குபங்சர் சிகிச்சையாளராக 2,500 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்றும், அதில் 1,000 மணி நேரமாவது செய்முறையிலும் நோயாளிகளிடத்திலும் கழிய வேண்டும் என்றும் சொல்கிறது. ஏற்கெனவே மருத்துவராக இருந்து முழுமையாகக் கற்க விரும்புபவருக்கு 1,500 மணி நேரம். தம் துறைக்குள் சில குறிப்பிட்ட தொல்லைகளுக்கு மட்டும் பயன்படுத்த விரும்பும் மருத்துவருக்குக் குறைந்தது 200 மணி நேரம். ஞாயிறுதோறும் நான்கு மணி நேரம் வீதம் மூன்று மாதம் போனால் 52 மணி நேரம் தேறும். மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவு நேரம் எதற்கு என்று கேட்டால், உயிராற்றல் ஓடுவதாக அக்குபங்சர் சொல்லும் 14 ‘நாளப் பாதைகளில்’ இருக்கும் 361 புள்ளிகளை மனப்பாடம் செய்வதற்காக அன்று. அதை ஒரு கெட்டிக்காரப் பிள்ளை ஆறு மாதத்தில் முடித்துவிடும். அந்த 361 இடங்களிலும் தோலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிவதற்கே காலம் பிடிக்கிறது. கழுத்து வலிக்கு எல்லோரும் ஆசையோடு தொடுகிற இடமான தோள்முகட்டுக்கு அடியில் நுரையீரலின் நுனி இருக்கிறது. மெலிந்த உடம்புக்காரருக்கு அங்கே ஊசி சற்று ஆழமாகவோ தவறான சாய்விலோ இறங்கினால், நுரையீரல் உறைக்குள் காற்றுப் புகுந்து மூச்சுத் திணறல் வரும். அரிதானது என்றாலும் அக்குபங்சரால் நேரும் கடுமையான விபத்துகளில் இதற்கே முதலிடம்.

சட்டத்தின் நிலையையும் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு 2003 நவம்பரில் பிறப்பித்த ஆணை, அக்குபங்சரைத் தனி மருத்துவ முறையாக ஏற்காமல், பதிவு பெற்ற மருத்துவர்களோ தக்க பயிற்சி பெற்றவர்களோ கையாளக்கூடிய ஒரு சிகிச்சை வழியாக மட்டும் ஏற்றது. 2019 பிப்ரவரியில் வந்த ஆணை அதைத் தனித்த சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. மேற்கு வங்கம் 1996-லேயே இதற்கென்று சட்டம் இயற்றியது. மகாராஷ்டிரம் பின்னர் இயற்றியது. நம் மாநிலத்தில் அப்படியொரு தனிச் சட்டம் இல்லாததால், சுவரில் தொங்கும் சான்றிதழை எடைபோடும் பொறுப்பு பெரும்பாலும் நோயாளியின் தலையில்தான் விழுகிறது. எத்தனை மணி நேரம் படித்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் ஊசி வைத்துப் பழகினீர்கள், எந்த நோய்க்கு நீங்கள் சிகிச்சை அளிக்க மாட்டீர்கள் என்ற மூன்றையும் தயங்காமல் கேளுங்கள். மூன்றாவதற்குப் பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: 22 வருடமாகப் பீடி சுற்றுகிறேன். கழுத்திலும் வலது தோளிலும் ஓயாத வலி, விரல்கள் மரத்துப்போகின்றன. படம் எடுத்துப் பார்த்துக் கழுத்தெலும்புத் தேய்மானம் என்றார்கள். மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது. அக்குபங்சரில் இது சரியாகுமா? எத்தனை தடவை வர வேண்டியிருக்கும்?
– ஒரு வாசகி, முக்கூடல்

பதில்: அம்மா, என் தாயாரும் பீடி சுற்றியவர்தான். மடியில் தட்டை வைத்துக்கொண்டு, தலையைக் கவிழ்த்து, ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி என்ற கணக்கை எட்டுவதற்குள் கழுத்து என்ன பாடுபடும் என்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆகவே, ‘பீடி சுற்றுவதை விட்டுவிடுங்கள், வலி போய்விடும்’ என்ற உபதேசத்தை உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

நீங்கள் என்னிடம் வந்தால் முதல் நாள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அதில் ஊசிக்குரிய நேரம் பாதிகூட இராது. எந்த விரல்கள் மரக்கின்றன என்பதையே முதலில் கேட்பேன். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை மட்டும் இரவில் மரத்து, கையை உதறினால் தேறுகிறது என்றால் நரம்பு நசுங்குவது மணிக்கட்டிலாக இருக்கலாம். பழி மட்டும் கழுத்தின்மேல் விழுந்திருக்கும். இலை வெட்டும் கத்தரியை நாள் முழுதும் பிடிக்கும் கைக்கு அது வரக்கூடியதே. சுண்டுவிரலும் மோதிரவிரலும் என்றால் முழங்கையைப் பார்க்க வேண்டும். கையிலிருந்து தம்ளர் நழுவி விழுகிறதா, சேலைக்கு ஊக்கு மாட்ட முடியாமல் போகிறதா, நடையில் தள்ளாட்டம் உண்டா, சிறுநீர் அடக்க முடியாமல் போகிறதா என்றும் கேட்பேன். இவற்றில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் ஊசிப் பெட்டியைத் திறக்காமல், பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியின் நரம்பியல் பிரிவுக்குக் கடிதம் எழுதிக் கையில் கொடுப்பேன். தண்டுவடம் அழுந்தத் தொடங்கியிருந்தால் நாள் கடத்துவது பெருந்தீங்கு. மாத்திரையால் வயிறு எரிவதை, அதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், பலர் சொல்வதில்லை.

அப்படி எதுவும் இல்லையென்றால் தாராளமாக முயன்று பார்க்கலாம். ஆனால், தேய்ந்த எலும்பை ஊசி வளர்த்துத் தராது. வலியைக் குறைக்க உதவலாம், அவ்வளவே. அதுவும் எவ்வளவு என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே வழக்கு இருக்கிறது. ஜெர்மனியில் நாட்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 1,162 பேரை மூன்றாகப் பிரித்துச் செய்த பெரிய ஆய்வு 2007-ல் வெளியானது. முறைப்படி ஊசி வைக்கப்பட்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குப் பின் நல்ல குணம் தெரிந்தது. புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 சதவீதம் பேருக்குத் தெரிந்தது. மாத்திரை, உடற்பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அது 27.4 சதவீதம். இதைப் படித்துவிட்டு ‘ஊசி வேலை செய்கிறது’ என்று ஒருவர் சொல்லலாம். ‘எங்கே குத்தினால் என்ன’ என்று இன்னொருவர் கேட்கலாம். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. 39 ஆய்வுகளில் பங்கேற்ற 20,827 பேரின் விவரங்களை ஒன்றாகத் திரட்டி 2018-ல் பார்த்தபோது, கழுத்து, தோள், முதுகு, முழங்கால், தலை ஆகியவற்றின் நாட்பட்ட வலியில் உண்மையான புள்ளிகள் போலிக் குத்தலைவிடச் சற்று மேலானவை என்று தெரிந்தது. எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று வழிகாட்டும் இங்கிலாந்தின் நைஸ் (NICE) அமைப்பு இடுப்புவலிக்கு அக்குபங்சர் வேண்டாமென்று 2016-ல் கூறிவிட்டு, வேறு காரணம் சொல்ல முடியாத நாட்பட்ட வலிக்கு அதை எண்ணிப் பார்க்கலாம் என்று 2021-ல் கூறியது. எனக்குத் தெரிந்த மட்டும் நேர்மையான நிலை இதுதான்.

எத்தனை தடவை என்று கேட்டீர்கள். வாரம் இரண்டு முறை வீதம் மூன்று வாரம் வந்து பாருங்கள். ஆறு முறைக்குள் இரவுத் தூக்கத்திலோ, கழுத்தைத் திருப்புவதிலோ ஒரு மாற்றமும் தெரியாவிட்டால், ஏழாவது முறைக்கு வர வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன். இருபது முறைக்கு மொத்தமாகப் பணம் கட்டினால் சலுகை என்பவரிடம் போகாதீர்கள். சிகிச்சையோடு, தட்டைச் சற்று உயர்த்திவைக்க ஒரு பலகை, முதுகுக்குச் சுவர், முந்நூறு பீடிக்கு ஒருமுறை எழுந்து தோளைச் சுழற்றுவது ஆகியவற்றையும் சொல்லித் தருவேன்.

ஊசி வைத்தபின் 25 நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பீடி சுற்றும் பெண்கள் பலர் அந்த நேரத்தில் அயர்ந்து தூங்கிவிடுகிறார்கள். பகலில் அவர்கள் படுப்பது அந்த ஒரு நேரம்தான் என்பதால், குணத்தில் ஊசியின் பங்கு எவ்வளவு, அந்த ஓய்வின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

கேள்வி: ஊசி வலிக்குமா? ஒருவருக்குக் குத்தியதையே அடுத்தவருக்கும் குத்துவார்களா?
– ஒரு கல்லூரி மாணவி, பேட்டை

பதில்: எறும்பு கடிப்பதைப் போலத் தோலில் ஒரு சுருக்; பிறகு அந்த இடத்தில் கனமாகவோ, மந்தமாகவோ, இழுப்பது போலவோ இருக்கும். ஊசியின் பருமன் பெரும்பாலும் 0.25 மில்லிமீட்டர்தான், மருந்து ஏற்றும் ஊசியில் பாதிகூட இல்லை, உள்ளே துளையும் கிடையாது. மின்சாரம் பாய்ந்ததுபோலச் சுள்ளென்று இழுத்தால் உடனே சொல்லுங்கள். அது நரம்பைத் தொட்டதன் அடையாளம். வெறும் வயிற்றோடு வந்தால் மயக்கம் வரக்கூடும், ஆகவே இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

ஊசி கிருமிநீக்கம் செய்யப்பட்டு உறையிட்டு வருவது. உங்கள் கண் முன்னே உறையைப் பிரிக்க வேண்டும், ஒருமுறை குத்தியதை உங்களுக்கே கூட மறுபடி குத்தக் கூடாது. எடுத்த ஊசி வெள்ளை நிறமான, துளைக்க முடியாத பெட்டிக்குள் போக வேண்டும். உங்கள் ஊசியை எண்ணி வைத்து எண்ணி எடுக்கிறாரா என்றும் கவனியுங்கள். கழுவிப் பயன்படுத்திய ஊசியால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவிய வரலாறு பல நாடுகளில் உண்டு.

கேள்வி: அக்குபங்சர் என்பது நம்முடைய வர்மக்கலைதான், போகர் சீனத்துக்குக் கொண்டுபோனது என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். அப்படியானால் வர்ம ஆசானிடம் போவதும் உங்களிடம் வருவதும் ஒன்றுதானா? ஓர் அக்குபங்சர் ‘ஹீலர்’ என் தாயாரின் நாடியை மட்டும் பார்த்துவிட்டு, சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், கடையநல்லூர்

பதில்: பின்பாதிதான் அவசரமானது. மாத்திரையையும் இன்சுலினையும் நிறுத்த வேண்டாம். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால், இந்தப் பக்கத்தைப் படித்து முடிக்கும் முன்பே தாயாரை வழக்கமான மருத்துவரிடம் அழைத்துப்போய், நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார் என்று அஞ்சி மறைத்தால் அவர் தரும் அளவு தவறாகிவிடும். இன்சுலினையே நம்பியிருக்கும் உடம்பில் அதை நிறுத்தினால், ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகும். நானும் நாடி பார்க்கிறேன். சீன முறையில் ஒவ்வொரு மணிக்கட்டிலும் மூன்று இடங்களில் விரல் வைத்துப் பார்ப்பது பழக்கம். ஆனால், ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்பதை ஒரு சொட்டு ரத்தம் சொல்லுமே தவிர, எந்த நாடியும் சொல்லாது. ‘மருந்து என்பதே கழிவு’ என்று பேசுவது கேட்க எளிமையாக இருக்கிறது; கால் புண்ணாகி, விரலை எடுக்க வேண்டிவந்த பிறகு என்னிடம் வந்து அழுதவர்களிடம் அந்தப் பேச்சைத் திரும்பச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மற்றவர் எழுதிய மருந்தை நிறுத்தச் சொல்லும் உரிமை ஊசி வைப்பவருக்கு இல்லை. சர்க்கரை நோயாளியின் உணர்விழந்த பாதத்தில் நான் ஊசியே வைப்பதில்லை.

வர்மத்துக்கு வருகிறேன். அக்குபங்சரின் அடிப்படை நூலான ‘ஹுவாங்தி நேயிச்சிங்’ சீனத்தில் ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்டது. போகர் கொண்டுபோனார் என்பது மேடைக்கு நன்றாக இருக்கும். ஆதாரம் என்று காட்ட ஒன்றுமில்லை. இந்தியாவுக்கு அது வந்த வழி நன்றாகத் தெரிந்ததே. ஜப்பானியப் படையெடுப்பின்போது சீனருக்கு உதவ 1938-ல் இங்கிருந்து போன ஐந்து மருத்துவர்களில் கோட்னிஸை நம்மில் பலர் அறிவோம். அதே குழுவில் போன கல்கத்தாவின் பி.கே. பாசு, பின்னாளில் மறுபடி சீனம் சென்று அக்குபங்சரைக் கற்று, 1959-ல் திரும்பி வந்து இங்கே தொடங்கிவைத்தார்.

நம் வர்மம் வேறொரு கல்வி. 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்று 108 இடங்களைச் சொல்லும் அது, அடிபட்டவரை இளக்கித் தேற்றுவதற்கும் எலும்பு முறிவுக்கும் வளர்ந்தது. விரலும் உள்ளங்கையும் எண்ணெயும்தான் அதன் கருவிகள், ஊசி அன்று. சில இடங்கள் இரண்டிலும் ஒன்றாக இருப்பது உண்மை. மனித உடம்பில் நரம்பும் ரத்தக்குழாயும் மேலோடும் இடங்கள் எந்த நாட்டிலும் அவையேதான். வர்மம் வேண்டுமென்றால், 1964 முதல் பாளையங்கோட்டையில் இயங்கும் அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். கையில் ஊசியையும் வாயில் வர்மத்தையும் வைத்துக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் இரண்டையும் கற்றிருக்க மாட்டார்.

கேள்வி: ஒருவருக்கு ஊசி வைக்க மாட்டேன் என்று நீங்கள் திருப்பி அனுப்பியதுண்டா?
– ஒரு வாசகர், மேலப்பாளையம்

பதில்: வாரந்தோறும் உண்டு. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கு ஆழமான இடங்களைத் தவிர்ப்பேன். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கு மின்சாரம் இணைத்த ஊசி கிடையாது. கர்ப்பிணிகளுக்குக் கையிலும் கணுக்காலுக்கு மேலும் சில புள்ளிகளைத் தொடுவதில்லை. இடது தோளிலும் தாடையிலும் வலி, வியர்க்கிறது என்று வந்தவரை உட்காரவைத்துப் பேசாமல் ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

திருப்பி அனுப்பியிருக்க வேண்டிய ஒருவரை அனுப்பாமல் போனதையும் சொல்ல வேண்டும். தனியாகச் சிகிச்சை தொடங்கிய முதல் ஆண்டில், சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து விவசாயி ஒருவர் நடுமுதுகு வலியோடு வந்தார். வரப்பில் வழுக்கியதாகச் சொன்னார். நானும் அதை அப்படியே எழுதிக்கொண்டு நான்கு முறை ஊசி வைத்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் தேவலை என்பார், மறுநாள் பழையபடி. ஐந்தாம் முறை வந்தபோது வேட்டியைக் கயிறு போட்டு இறுக்கியிருந்ததைப் பார்த்த பிறகுதான், உடம்பு இளைத்துவிட்டதா என்று கேட்கத் தோன்றியது. இரண்டு மாதமாகவே மாலைக் காய்ச்சலும் இரவு வியர்வையும் இருந்திருக்கின்றன. கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார், நான் கேட்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து முதுகெலும்பில் காசநோய் என்றார்கள். கால் விழுவதற்கு முன்பே பிடித்துவிட்டதால் மருந்திலேயே தேறினார். இருந்தாலும் அந்த மூன்று வாரத் தாமதம் என்னுடையது.

அன்றிலிருந்து என் நோயாளிக் குறிப்பேட்டில் பெயர், வயதுக்கு அடுத்தபடி அச்சிட்டிருப்பது காய்ச்சல், எடை இழப்பு, இரவில் கூடும் வலி ஆகிய மூன்றைப் பற்றிய கேள்விகள். மருந்தெல்லாம் முடிந்து நெடுநாளைக்குப் பிறகு அவர் தம் மனைவியின் முழங்கால் வலிக்காக மறுபடி வந்தார். நான் குறிப்பேட்டைத் திறப்பதற்குள், ‘ஏம்மா, இவளுக்கு ராத்திரிக் காய்ச்சல் உண்டுமான்னு மொதல்ல கேட்டுக்கிட்டியளா?’ என்றார்.